விசிலைக் கழற்றிவைக்கும் நாள்

1946ஆம் ஆண்டில் இரண்டு முதியவர்கள் பொறுப்பிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் கல்லூரி ஃபுட்பால் கோச், வயது 84. மற்றவர் வேலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி வளர்த்தவர், வயது 75. அவர் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். இவர் ஐடா ஸ்கடர்.

ஸ்டாக் ஆடவைத்தது நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கோச் ஆனவர், நாற்பது ஆண்டுகளுக்கு அங்கிருந்து நகரவில்லை. மைதானத்துக்கே அவர் பெயர்தான். எழுபது வயதானதும், விதியைச் சுட்டிக்காட்டி 1932 சீசனோடு பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவைத்தது. வீட்டில் உட்காராமல் அவர் பசிபிக் கல்லூரிக்குப் போனார். அங்கே 14 சீசன். 81 வயதில், 1943இல், அமெரிக்காவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கோச் விருதும் வந்தது. 1946இல் அங்கிருந்தும் விலக வேண்டியிருந்தபோது, கோச்சாக இருந்த மகனுக்குத் துணையாகப் போய் நின்றார். தொண்ணூறைத் தாண்டியும் பையன்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1965இல் இறந்தபோது வயது 102.

அவர் போனபின் சிகாகோவில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அணி தேய்ந்தது. 1939இல் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே கைவிட்டது. ஆள் வராத ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. நாற்பது ஆண்டு உழைப்பில் எழுந்த ஓர் ஆட்டக்களம், அவர் விலகிய ஏழே ஆண்டில் ஆட்டம் இல்லாத இடமாகிவிட்டது. காரணம் அவர் ஒருவர் மட்டும் அல்லதான். ஆனால் அவர் இடத்தில் நின்று அதே பிடிவாதத்தோடு அணியைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் அங்கே உருவாகியிருக்கவில்லை.

வயதான கோச் எப்போது விலக வேண்டும் என்ற கேள்வி, ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நீளும் தோல் பூமியில் வேறு மாதிரிதான் ஒலிக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்ணிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 58 வயது வந்தால் பி.எஃப். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகையை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பலருக்கு அந்த வயது வருவதற்கு முன்பே கண் பார்வையும் இடுப்பும் முடிவைச் சொல்லிவிடுகின்றன. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 58 என்று இருந்தது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. இவர்கள் யாரும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்லை. நாள் இவர்களைத் தேடி வருகிறது. எப்போது போவது என்று யோசிக்கும் வாய்ப்பே ஒரு சொத்து. அது வாய்த்தவர்கள் அதை எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்ப்பதில் நியாயம் உண்டு.

அப்படி வாய்த்தவர்களில் ஒருவரின் பெயரை வேலூரில் ஒரு தெருவே தாங்கி நிற்கிறது. ஐடா ஸ்கடர் ரோட்டில் ஸ்கேன் கவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வங்காளியும் இந்தியும் பேசியபடி லாட்ஜ் தேடும் கூட்டத்துக்கு, அந்தப் பெயருக்கு உரியவர் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர் என்பது தெரிந்திருக்க வழியில்லை. 1870 டிசம்பர் 9ஆம் தேதி, ஆற்காடு மிஷனின் டாக்டர் வீட்டில் பிறந்தார். டாக்டராகும் ஆசை அவருக்கு இல்லை. நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனையில் மனைவி. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று அவருடைய தந்தையை மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் அவரை அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது.

1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1909இல் செவிலியர் பள்ளி. அதே ஆண்டு ஒரு பெஜோ கார் வந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி, காத்திருந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போவார். 1918 ஆகஸ்ட் 12ஆம் தேதி, சென்னை மாகாண கவர்னர் பென்ட்லேண்ட் பிரபு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். விண்ணப்பங்கள் வருமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்ட இடத்தில் 151 வந்தன. முதல் ஆண்டுத் தேர்வை எழுதிய 14 பேரும் தேறினார்கள்.

ஒரு நல்ல கோச்சின் கதை போலத்தான் இதுவரை எல்லாம் போகிறது. அணி இல்லாத இடத்தில் அணி, கோப்பை, கைதட்டல். சிக்கல் 1938இல் வந்தது. சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. பட்டயப் படிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. இனி எம்.பி.பி.எஸ். நடத்த வேண்டும், இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டும். எம்.பி.பி.எஸ். என்றால் கூடுதல் படுக்கை, கூடுதல் ஆய்வுக்கூடம், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், அதற்கெல்லாம் ஏராளமான பணம். ஐடாவுக்கு அப்போது 67 வயது. நம் கணக்குப்படி ஓய்வு பெற்று ஏழெட்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டியவர். அன்றைக்கு அவர் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளி மூடப்பட்டிருக்கும். 1941இல், எழுபது வயதில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். உலகப்போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். இதற்கிடையே 1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குத் தற்காலிக இணைப்பு வழங்கியது.

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரைப் போகச் சொல்வது எவ்வளவு பெரிய தவறாக முடியும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகளைவிட நல்ல சாட்சி வேலூர் வரலாற்றில் இல்லை. அந்த நேரத்தில் கல்லூரிக்குத் தேவைப்பட்டது கத்தி பிடிக்கும் இளம் கை அல்ல. நாற்பது ஆண்டு நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு குரல்தான் தேவைப்பட்டது. அது அவரிடம் மட்டுமே இருந்தது.

அதே பயணத்தில்தான் மிகக் கடினமான முடிவும் வந்தது. கல்லூரி பிழைக்க வேண்டுமென்றால் ஆண்களுக்கும் கதவைத் திறந்து, மற்ற மிஷன்களோடு கைகோக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தினார்கள். திண்டிவனத்து இரவிலிருந்து பெண்களுக்காக என்றே அவர் கட்டிய கல்லூரி அது. இருபதுகளில் ராக்ஃபெல்லர் நிதி கைக்கு வர முன்னின்று பணம் திரட்டிய தோழி லூசி பீபாடி, பெண்கள் கல்லூரி பெண்கள் கல்லூரியாகவே இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஐடா நெடுநாள் தத்தளித்தார். கடைசியில் மாற்றத்தின் பக்கம் போனார். பழைய நட்பு முறிந்தது. 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

பொறுப்பை விடுவதற்கு முன்பே, தன் வாழ்நாள் திட்டத்தின் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுத்தார். ஸ்டாக்கையும் ஐடாவையும் பிரிக்கும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது. தன் ஆட்டமுறை மாறினாலும் அணி தொடர வேண்டும் என்று சம்மதிக்கும் மனம் வந்த பிறகு, பதவியை விடுவது பெரிய காரியமில்லை. 1946இல் விலகினார். மிச்ச நாட்களில் பெரும்பகுதி கொடைக்கானல் ஹில்டாப் வீட்டில் கழிந்தது. ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதிய கடிதமும் அவர் கைக்குச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே மாதம் 89 வயதில் காலமானார்.

அவருக்குப் பின் கல்லூரி யாருடைய கைக்குப் போனது? தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அந்த இடைக்காலத்தைத் தாங்கினார். பிறகு ஹில்டா லாசரஸ் வந்தார். விசாகப்பட்டினத்துக்காரர், பெண்கள் மருத்துவ சேவையில் நெடுங்காலம் உழைத்து அதன் தலைமை வரை உயர்ந்தவர். இந்தக் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1890இல் பிறந்தவர் என்பதால், பொறுப்பேற்றபோது அவருக்கே ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. ஷூ கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பும் வயதில் அவர் ஒரு கல்லூரியைக் கையில் வாங்கினார். அங்கே யாரும் பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. அடுத்த கட்டத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்கள்.

விலகும் நாளைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடைக்காத கோச்சுகளும் உண்டு. தமிழ்நாட்டில் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர், ஒரு காலத்தில் ஸ்டாக்கும் அங்கேதான் இருந்தார். பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவரே. 1943இல் இறந்தார். நம் கல்லூரி மைதானங்களில் கழுத்தில் விசிலோடு நின்ற எத்தனையோ பி.டி. மாஸ்டர்களுக்கு அந்தக் கல்லூரிதான் பிறந்த வீடு. ஓய்வு என்ற சொல்லே பக் வாழ்க்கையில் வரவில்லை. ஆனாலும் நந்தனத்தில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. காரணம் எளிது: அவர் தயாரித்தது ஆட்டக்காரர்களை அல்ல, ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்களை.

ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் கதை இதற்கு நேர் எதிரான வலி. பள்ளி ஆசிரியராக இருந்து இந்தியக் கால்பந்தின் கோச் ஆனவர். 1951 ஆசியப் போட்டியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மறுபடியும் தங்கம். அப்போது அவர் நுரையீரலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த ஜூனில், 53 வயதில் போய்விட்டார். அவரிடம் ஆடியவர்கள் இருந்தார்கள்; அவர் கண்ணால் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த இன்னொரு கோச்சைத் தயாரிக்கும் ஏற்பாடு கால்பந்துச் சங்கத்திடம் இருக்கவில்லை. 1970இல் ஒரு வெண்கலம் வந்தது. ஆசியத் தங்கம் பிறகு வரவே இல்லை. இதில் ரஹீமைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாட்டின் ஆட்டத்தை ஒரே மனிதரின் மூச்சில் கட்டிவைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலூருக்குத் திரும்பலாம். ஐடா விலகிய 1946இன் இறுதியில், 32 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்த பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். வலி தெரியாததால்தான் கையும் காலும் காயப்பட்டுச் சிதைகின்றன என்று பிராண்ட் காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். 1951இல் பாகாயம் வளாகத்தில் தொழுநோயாளிகளுக்கான நவஜீவ நிலையம் வந்தது. 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை.

கையைச் சரிசெய்தாலும் கால் புண் திரும்பத் திரும்ப வந்தது. அங்கேதான் அறுவை மருத்துவர் செருப்புத் தைப்பவரின் வேலைக்குள் நுழைந்தார். தோல் பதனிட்டே பிழைக்கும் ஒரு மாவட்டத்தில், டாக்டர்களும் செருப்புத் தொழிலாளிகளும் ஒரே பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார்கள். பலவகைச் செருப்புகளைச் செய்து பார்த்தபின் கைக்கு வந்தது எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டதும் எழும். அதன் கீழே தேயாத கெட்டி சோல். ஆணி கூடாது, ஏனென்றால் ஆணி மேலே துருத்தினால் மரத்துப்போன பாதம் அதைச் சொல்லாது. குதிகாலைப் பிடிக்க ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்ததுகூட அந்தக் காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு காலுக்கும் தனி அளவு, புண் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி தனி வெட்டு. இது ஒருவர் பார்த்து இன்னொருவருக்குக் கைப்பழக்கமாகவே சொல்லித்தர முடிந்த வேலை.

1966இல் பிராண்ட் வேலூரை விட்டு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வயது 52. இன்னும் இருபது ஆண்டு அவர் இங்கேயே இருந்திருக்கலாம். இருக்கச் சொல்லிக் கேட்கவும் ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்குள் அவரிடம் கற்றவர்கள் அறுவைக்கூடத்தில் நின்றிருந்தார்கள். செருப்புப் பட்டறையிலும் வேலை நிற்கவில்லை. இன்று சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வந்து கேட்டு வாங்கிப்போவதும் அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான்.