சித்தன்னவாசல் தாமரைப் பொய்கையும் மெய்நிகர் காட்சியும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே அமைந்த சித்தன்னவாசல், தமிழகச் சமணத்தின் தொன்மையான உறைவிடங்களுள் ஒன்று. அங்குள்ள ஏழடிப்பட்டத்தில் துறவியர்தம் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் காணப்படுகின்றன. அம்மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.

அர்த்தமண்டபத்தின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீன்கள், அன்னங்கள், களிறுகள், எருமைகள் ஆகியவற்றினிடையே ஆடவர் மூவர் மலர் கொய்கின்றனர். இது தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் அமைந்த காதிகாபூமி என்றும், மலர் கொய்வோர் பவ்யர் என்றும் ஆய்வாளர் விளக்குவர். பொய்கை தலைக்கு மேலே; பக்கச் சுவர்களில் பார்சுவநாதரும் ஆசாரியர் ஒருவரும்; எதிரே கருவறையில் அருகர் திருமேனிகள். அங்கு நிற்பவர் ஓவியத்தைப் பார்ப்பதோடு அமையாமல், தாமே சமவசரணத்துள் புகுந்தவராகிறார். மெய்நிகர் காட்சிக் கருவி இன்று செய்ய முயல்வதை, ஓவியர் சுண்ணத்தாலும் காவியாலும் கரியாலும் அன்றே செய்துவிட்டனர்.

அவ்வண்ணங்கள் இப்போது பெரிதும் மங்கிவிட்டன. 1940இல் கண்டறியப்பட்ட பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையும் இத்தகைய இடரையே எதிர்கொண்டது. பார்வையாளர்தம் மூச்சால் ஓவியங்கள் கெடவே, 1963இல் அது மூடப்பட்டது. 1983இல் ஒரு படிக்குகையும், 2016இல் குகை முழுவதையும் உணர்த்தும் காட்சியகமும் திறக்கப்பட்டன. மூலம் காக்கப்பட்டது, மக்களும் காட்சியை இழக்கவில்லை. சித்தன்னவாசலுக்கும் இத்தகைய வழி பயன் தரும். ஏட்டில் படித்ததினும், ஓர் இடத்தில் நின்று சுற்றிக் கண்டது நெஞ்சில் எளிதில் பதியும்.

எனினும், பதிவது எது என்பதே வினா. வியப்பு மிகுந்தால் பொருள் மறையக்கூடும். சமவசரணத்தை அறியாத சிறுவன் கருவியை அணிந்தால், அழகிய குளம் ஒன்றையே கண்டு திரும்புவான். அறிந்த சிறுவனோ மலர் ஏந்திய பவ்யரை அடையாளம் காண்பான். அம்மலர்கள் எவருக்கென்றும் உணர்வான்.

சமவசரணத்தின் அமைப்பை வாமன முனிவர் மேருமந்தர புராணத்தில் விரித்துரைத்துள்ளார். இல்லத்துப் பெரியோர் அப்பகுதியை முன்னதாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவாராக. குகையிலோ கருவியிலோ கண்டபின், கண்டதைப் பிள்ளைகளே எடுத்துரைக்கட்டும். தாமே சொல்லிப் பழகியது எளிதில் மறவாது. மங்கிய வண்ணத்தைக் கருவி மீட்டுத் தரலாம். அதன் பொருளை அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் கடமை இல்லறத்தாருடையது.