வடக்குப் பாதை

பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர் யார் என்று கேட்டால் இந்தியாவில் பலரும் மிஹிர் சென் என்பார்கள். 1966 ஏப்ரலில் தலைமன்னாரில் இறங்கி, 25 மணி 36 நிமிடத்தில் தனுஷ்கோடியில் கரையேறியவர். பெரிய சாதனைதான். ஆனால் வட இலங்கையின் வடமராட்சியில் பிறந்த எனக்கு இந்தக் கடலின் கதை 1954 மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த மாதம் தொண்டைமானாறு நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தித் தமிழ்நாட்டுக் கோடிக்கரையில் ஏறினார்.

இரண்டும் ஒரே பாதை அல்ல. தெற்குப் பாதையில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். இராமர் அணையின் மணல்திட்டுகளை ஒட்டிய கடல். வடக்குப் பாதையில் வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஒரு திட்டும் கிடையாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தால் தூரம் இன்னும் கூடும்.

அந்தத் துணிவு எங்கள் கரைக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. கோடிக்கரையும் நாகபட்டினமும் அன்று எங்களுக்குச் சரக்கேற்றிப் போய்வரும் அயல் துறைகளாக இருந்தன. தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக, இருந்த என் அம்மப்பா, வாடைக்காற்று ஓய்ந்து சோழகக்காற்று எழும்பும் முன் வரும் பங்குனிக் கடல் பால்போலக் கிடக்கும் என்பார். நவரத்தினசாமி இறங்கியதும் பங்குனியில்தான். எப்போது இறங்குவது என்ற அறிவைத் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த ஊரிலிருந்து அவர் புறப்பட்டார்.

அவர் வழியில் வந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், மீண்டும் தலைமன்னாருக்கே 51 மணி நேரத்தில் நீந்தித் திரும்பினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

பிறகு எங்கள் மண்ணில் உள்நாட்டுப் போர் வந்தது. பிள்ளைகள் நீச்சல் பழகிய கடலில் இறங்கவே பயந்த காலம் அது. நீந்துவது நின்றதோடு, நீந்தியவர்களைப் பற்றிச் சொல்லுவதும் குறைந்தது. அதனால்தான் கேட்கிறேன்: பாக்கு நீரிணைச் சாதனைகளை எழுதும்போது தெற்குப் பாதை, வடக்குப் பாதை என்று பிரித்து எழுதுங்கள். அப்போது மிஹிர் சென்னின் பெருமை குறையாது. நவரத்தினசாமி கடந்த தூரம் எவ்வளவு என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.