கன்பிளா: முதல் பெட்டியைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் சுங்கை வாங்கிலோ பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேரிலோ பொம்மைக் கடைகளைக் கடந்து போயிருந்தால், அடுக்கடுக்காக ரோபோ படம் போட்ட பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளி அங்பாவ் பணத்தில் ஒன்றை வாங்கி வந்தால், வீட்டில் முதலில் வரும் கேள்வி: "இந்த வயசுல பொம்மையா?"

பெட்டியைத் திறந்து காட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களும் ஒரு கையேடும்தான் இருக்கும். ரோபோவைச் செய்யப்போவது நீங்கள்.

கன்பிளா என்றால் என்ன?

'கன்டாம்', 'பிளாஸ்டிக் மாடல்' என்ற இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய ஜப்பானியப் பெயர் இது. 1979 ஏப்ரலில் யோஷியுகி தோமினோ இயக்கிய 'மொபைல் சூட் கன்டாம்' தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. பார்ப்பவர்கள் குறைவாக இருந்ததால் 43 பகுதிகளோடு முடித்துவிட்டார்கள். மறுஒளிபரப்பில்தான் ரசிகர்கள் பெருகினார்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் முதல் மாடலை 300 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது.

இந்தக் கதையில் ரோபோ என்பது மாயசக்தி கொண்ட நாயகன் இல்லை. தொழிற்சாலையில் செய்து போருக்கு அனுப்பும் இயந்திரம். அது அடிபடும், துருப்பிடிக்கும், வேறு ஆயுதம் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே மாடலைப் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்ய முடிகிறது.

பெட்டி மேல் உள்ள எழுத்துகள் எதைச் சொல்கின்றன?

முதல் கன்டாமின் கற்பனை உயரம் 18 மீட்டர். அதை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதே அளவு. எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதே தரம்.

• எச்.ஜி.: 1/144 அளவு, சுமார் 12.5 சென்டிமீட்டர். புதியவர்களுக்கு ஏற்றது.
• ஆர்.ஜி.: இதுவும் 1/144தான். ஆனால் பாகங்கள் மிகச் சிறியவை. அளவைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.
• எம்.ஜி.: 1/100 அளவு, சுமார் 18 சென்டிமீட்டர். பெரும்பாலும் உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகம் இருக்கும்.
• பி.ஜி.: 1/60 அளவு, சுமார் 30 சென்டிமீட்டர். விலையும் வேலையும் அதற்கேற்ப ஏறும்.
• எஸ்.டி.: பெரிய தலை, குட்டி உடம்பு. வேலை குறைவு.

இவை தவிர, கருவியே இல்லாமல் கையால் பிரித்துப் பொருத்தக்கூடிய 'என்ட்ரி கிரேட்' பெட்டிகளும் உண்டு. ஒட்டுமா, ஒட்டாதா என்று சோதித்துப் பார்க்க அதுவே போதும்.

எப்படிச் செய்வது?

பாகங்கள் 'ரன்னர்' எனப்படும் சட்டங்களில் எண்ணோடு இருக்கும். இன்றைய பெட்டிகளுக்குப் பசை தேவையில்லை; நிறமும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். அழுத்தினால் பொருந்தும்.

நிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள்: முதலில் பாகத்திலிருந்து தள்ளி, பிறகு மீதியை நெருக்கமாக. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். மீதமிருக்கும் சிறு முனையை உப்புத்தாளால் தேய்க்கலாம்.

கோடுகளில் மை இறக்கும் 'பேனல் லைன்' வேலைக்கு மார்க்கர் பேனா பாதுகாப்பானது. எனாமல் வகை மையை அதிகமாக ஊற்றினால், இறுக்கமாகப் பொருந்திய பாகம் விரிசல் விடக்கூடும். என் முதல் எம்.ஜி.யின் தோள் மூட்டு அப்படித்தான் போனது; கோடு மட்டும் அழகாக இருந்தது.

கடைசியில் அடிக்கும் 'டாப்கோட்' ஸ்பிரேக்கு நம் ஊர் வானிலை எதிரி. மழை நாளில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் காயும் நேரத்தில், காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டு அடியுங்கள். அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைக்குள் வேண்டவே வேண்டாம்.

எங்கே வாங்கலாம்?

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து நு சென்ட்ரல் வழியாக நடந்தால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோனோரயில் நிலையம். இம்பியில் இறங்கினால் டைம்ஸ் ஸ்குவேர். அடுத்த நிலையமான புக்கிட் பிந்தாங்கில் சுங்கை வாங். இரண்டு இடத்திலும் விலையை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். பண்டாய் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். போலிப் பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

வெளிநாட்டுக் கடையில் இணையம் வழி வாங்கினால் வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல், அப்படி இறக்குமதியாகும் 500 ரிங்கிட் வரையிலான பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அனுப்பும் செலவு தனி.

செலவு எங்கே கைமீறுகிறது?

வாங்கியும் திறக்காமல் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு ஜப்பானியர் 'சுமிபுரா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம் காதுக்கு அது 'சுமை' மாதிரி கேட்பது பொருத்தம்தான். வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். செய்வதற்குப் பல மாலைகள் வேண்டும். "இந்த மாடல் திரும்ப வராது" என்ற பயத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். பெரும்பாலான பொதுவிற்பனைப் பெட்டிகளைப் பண்டாய் மீண்டும் மீண்டும் தயாரிக்கிறது. கொஞ்சம் காத்திருந்தால் கிடைத்துவிடும்.

அதனால் ஒரு எளிய விதி: கையில் இருப்பது எழுந்து நிற்கும் வரை அடுத்த பெட்டி வேண்டாம். மிஞ்சிய ரன்னர்களையும் உடனே வீசாதீர்கள். பெயின்ட், டாப்கோட் எல்லாவற்றையும் முதலில் அதில் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் ரோபோவில் தழும்பு இருக்கும், ஸ்டிக்கர் கோணலாக இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வையுங்கள். ஐந்தாவதைப் பக்கத்தில் நிறுத்தும்போது, உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கேள்வி கேட்ட அம்மாவுக்கும் தெரியும்.