சாராயக் கடையும் குடித்தவனின் வீடும்

கேரளத்தின் மது வரலாறு பெரும்பாலும் கலால்துறைக் கோப்புகளிலும் கடை ஏலக் கணக்குகளிலும் எழுதப்பட்டிருப்பதால், குடித்தவனின் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு அதில் இடம் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை என்ற வகையில், குடிநோயை மையமாகக் கொண்ட மலையாளக் குடும்பத் திரைப்படங்கள், குறிப்பாக ஜி. பிரஜேஷ் சென் இயக்கத்தில் 2021 ஜனவரியில் வெளிவந்த 'வெள்ளம்', வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரியவை.

கொச்சி சமஸ்தானத்தில் 1902-ஆம் ஆண்டு, அதாவது கொல்லம் ஆண்டு 1077-இல் இயற்றப்பட்ட அப்காரிச் சட்டமே (அப்காரி என்பது மது உற்பத்தி, விற்பனை, தீர்வை மூன்றையும் சேர்த்துக் குறிப்பது) 1967-இல் கேரளம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டு இன்றும் நடப்பில் உள்ளது. உரிமம் பெற்றவனையும் பெறாதவனையும் மட்டுமே அச்சட்டம் அறியும். கள் இறக்கிப் பிழைத்த பலரைக் கொண்ட ஈழவ சமூகத்தில் பிறந்த நாராயண குரு, மதுவை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று 1920-களின் தொடக்கத்தில் அறிவுறுத்தியதும், அவரைப் பின்பற்றிய டி.கே. மாதவன் அதைத் திருவிதாங்கூரில் இயக்கமாக்கியதும் துணிவின் உச்சம் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த அறைகூவல், ஒரு சமூகம் தன் பிழைப்பையே உதறித் தலைநிமிர வேண்டும் என்று கேட்டது.

'வெள்ளம்' படத்தின் கதை நிகழும் கண்ணூர், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1937-இல் இராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுவதும் பரவியபோது மலபாரையும் எட்டியது; மலபார் கேரளத்தோடு இணைந்தபின், 1967-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் இரண்டாவது அமைச்சரவை அதை நீக்கியது. 1982 ஓணத்தின்போது கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் கண்பார்வையை இழந்தனர். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிப்பதே இதற்குக் காரணம். 1984-இல் அரசு மதுபானக் கழகம் தோன்றியது. 1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடைசெய்தாலும், 2000-இல் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் கள்ளச்சாராயம் மீண்டும் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2014-இல் ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற மதுக்கூடங்களை மூட உம்மன் சாண்டி அரசு எடுத்த முடிவை 2017-இல் அடுத்த அரசு தளர்த்தியது. திறப்பதாயினும் மூடுவதாயினும், அரசின் பார்வை கடையின் கதவோடு நின்றுவிட்டது.

ரஞ்சித் இயக்கிய 'ஸ்பிரிட்' (2012), மோகன்லால் ஏற்ற தொலைக்காட்சி நெறியாளரையும் ஒரு குழாய்ப் பணியாளரையும் அருகருகே வைத்து, குடிநோய் வர்க்க வேறுபாடு பார்ப்பதில்லை என்று காட்டியது. 'வெள்ளம்' இன்னும் நெருங்கிச் செல்கிறது. உண்மை வாழ்க்கை ஒன்றைத் தழுவிய இப்படத்தில் ஜெயசூர்யா ஏற்ற முரளியைச் சுற்றி, மனைவியும் பெற்றோரும் அன்பையும் அவமானத்தையும் ஒருசேரச் சுமந்து வாழும் நிலை பொறுமையுடன் பதிவாகியுள்ளது. முரளியாக நடித்ததற்காக ஜெயசூர்யா கேரள அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். முரளியைத் திருத்தப்பட வேண்டிய குற்றவாளியாக அன்றி, சிகிச்சை தேவைப்படும் நோயாளியாக மருத்துவர் அணுகுவதே படத்தின் மிக முக்கியமான பங்களிப்பு. எனினும் மீண்டவன் தொழிலதிபராகவும் உயர்வதாகக் கதை முடிவதால், குடியை விட்டபின் வறுமையோடு போராடும் பெரும்பாலோரின் வாழ்வு திரைக்கு வெளியே தங்கிவிடுகிறது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமும், வலிப்பும், இல்லாத உருவங்கள் தோன்றும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பு இன்றியமையாதது. கேரள அரசு 2016-இல் தொடங்கிய 'விமுக்தி' திட்டம் போதை மீட்பு சிகிச்சையை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றது. அத்திட்டத்தை நடத்துவது, மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கும் அதே கலால்துறைதான்.