பாயிண்ட் தேய்ந்த கதை

கெட்டரிங் என்ற அமெரிக்கரின் பேட்டரி இக்னிஷன் 1910 மாடல் கேடிலாக்கில் வந்தது. மறு வருஷம்தான் வட ஆற்காட்டைப் பிரித்து சித்தூர் ஜில்லா உண்டானது! அதே ஒரு காயில், ஒரு பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்பாடுதான் பிறகு அம்பாசிடரிலும் பத்மினியிலும் ஓடியது.

1974இல் திருமலைக்கு இரண்டாவது மலைப்பாதை திறந்தார்கள். வெயிலில் செகண்ட் கியரில் ஏறும் வண்டி திணறினால் எங்களூர் மெக்கானிக் சொல்வது: "பாயிண்ட் தேஞ்சிருக்கு சார்." உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி. கேஜ் இல்லையா, விசிட்டிங் கார்டு போதும். (இந்தக் கைப்பழக்கம் எந்தக் காலேஜிலும் வராது.)

கணக்கைப் பாருங்கள். 3000 சுற்றில் நாலு சிலிண்டருக்கு நொடிக்கு 100 ஸ்பார்க். ஒரே காயில் என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிசெகண்ட்தான். அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் மட்டுமே காயில் நிரம்பும். ஒவ்வொரு பிளக் தலையிலும் தனி காயில் வைத்தால் 40 கிடைக்கும். 1980களின் கடைசியில் ஸாப் செய்தது இதைத்தான்.

வீட்டுப் பழைய பத்மினிக்கு இதை மாட்டலாமா என்று சித்தூரிலிருந்து தம்பி கேட்கிறான். மாட்டலாம். கிராங்க் புல்லியில் பல்சக்கரம், பக்கத்தில் சென்சார், ஒரு குட்டி கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஆனால் மலையில் சென்சார் செத்தால் உப்புத்தாள் உதவாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரை விற்காதே, எண்ணெய் தடவி டிக்கியில் போட்டு வை என்றேன்.