கேரளத்தில் நோய்த்தணிப்பு மருத்துவத்தின் வரலாறு

குணப்படுத்த இயலாத நோயால் வாடுவோரின் வலி, மூச்சுத்திணறல், மனவேதனை ஆகியவற்றைக் குறைத்து, அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் சிகிச்சைமுறையே நோய்த்தணிப்பு மருத்துவம் எனப்படுகிறது. இந்தியாவில் இதன் வளர்ச்சிக்குப் பெருந்தடையாக அமைந்தது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஆகும். அபினியிலிருந்து பெறப்படுவதும் புற்றுநோயின் கடும்வலிக்கு முதன்மை மருந்துமான மார்ஃபினை வாங்குவதற்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால், மருத்துவமனைகள் அதை இருப்பில் வைக்கவே தயங்கின. அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம், வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் மூன்றுபடி முறையை வெளியிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

இச்சூழலில், 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், வாய்வழி மார்ஃபினைப் புறநோயாளிகளுக்கு வழங்கி, முறையான கண்காணிப்பு இருப்பின் அது தவறான பயன்பாட்டுக்குச் செல்வதில்லை என்பதை ஆய்வுவழி நிறுவியது. பின்னர், மலப்புறம் மாவட்டத்தில் பயிற்சிபெற்ற தன்னார்வலர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள் ஆகியோர் இணைந்து நோயாளியின் வீட்டிற்கே சென்று பராமரிக்கும் அண்மைப்பகுதி வலையமைப்பு உருவாயிற்று. இவ்வனுபவத்தின் அடிப்படையில் கேரள அரசு 2008இல் நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்து, உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அதில் பொறுப்பளித்தது. மார்ஃபின் உரிம நடைமுறையை நாடு முழுவதும் எளிதாக்கும் சட்டத்திருத்தம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.