மெர்தாஜாம் குன்றும் இறைவனின் தோட்டமும்

புக்கிட் மெர்தாஜாம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு குன்றும் ஒரு மரமும் அடங்கியிருக்கின்றன. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. மெர்தாஜாம் என்பது கொத்துக் கொத்தாகச் சிவந்து, பின் கறுத்துப் பழுக்கும் கனிகளைத் தரும் ஒரு சிறுமரம். அக்குன்றின் அடிவாரத்தில்தான் மலேசியத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் திரண்டு செல்லும் புனித அன்னம்மாள் ஆலயம் அமைந்துள்ளது. இயற்கையைப் பேணுதல் சமயக் கடமையா, அன்றி அரசாங்கத்தின் வேலை மட்டுமா என்னும் வினாவிற்கு இக்குன்றின் வரலாறு ஓரளவு விடை கூறுகிறது.

கிறித்தவம் வருமுன்னரே இவ்விடம் மக்களின் கருத்தைக் கவர்ந்திருந்தது. ஆலய வளாகத்தினுள் உள்ள பாறையொன்றில், தென்னிந்திய எழுத்து மரபைச் சார்ந்த பழைய எழுத்துகள் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட இக்கல்வெட்டை 1845-ல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி உலகிற்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே, 1846-ல், பிரெஞ்சுக் குருமார் இங்குச் சிறு கோயில் ஒன்றை எழுப்பினர். சீனரும் தமிழரும் அதில் ஒருங்கே வழிபட்டனர்.

அக்காலம் காடழியும் காலமாகவும் இருந்தது. பினாங்குத் தீவில் சாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் ஏறின. எதிர்க்கரையிலுள்ள வெல்லஸ்லி மாநிலத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பலேறி வந்தனர். 1848-ல் ஜே. ஆர். லோகன் என்னும் பத்திரிகாசிரியர், பினாங்கின் மலைக்காடுகளை இவ்வாறு தொடர்ந்து அழிப்பது அதன் தட்பவெப்பத்தை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1883-ல் நதானியேல் காண்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பின்னரே வனக் காப்புப் பகுதிகள் ஒழுங்காக வகுக்கப்பட்டன.

ஆகவே, காட்டிற்காக முதலில் குரல் கொடுத்தவர் குருமார் அல்லர். பத்திரிகாசிரியரும் தாவர நூலறிஞருமே ஆவர். குருமார் ஆன்மாக்களைத் தேடி வந்தவர்கள். 1888-ல் சொரேன் அடிகளார் காலத்தில் எழுந்த பழைய ஆலயம் மக்களின் பக்தியை அவ்வடிவாரத்தில் நிலைநிறுத்தியது. ஆயினும் இடத்தைப் புனிதமென்று போற்றுதல் வேறு. அவ்விடத்து மரத்தையும் நீரையும் காத்தல் தன் கடமையென்று உணர்தல் வேறு.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இப்பகுதி கறுப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மக்கள் நடமாட்டம் தடைப்பட்டதால் பழைய ஆலயம் கைவிடப்பட்டது. 1957-ல் வேறிடத்தில் ஆலயம் எழுந்தது. தடை நீங்கிய பின்னர், மக்கள் பழைய ஆலயத்தைப் பழுதுபார்த்து மீண்டும் வழிபடத் தொடங்கினர். 2002-ல் மினாங்கபாவ் கூரையமைப்புடன் பெரிய ஆலயம் கட்டப்பட்டது. 2019-ல் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்புக் கிடைத்தது.

இதற்கிடையே கிறித்தவ உலகிலும் ஒரு வழக்கு எழுந்தது. மனிதனே படைப்பின் தலைவன் என்று போதித்து, இயற்கையைச் சுரண்ட இடங்கொடுத்தது மேலைக் கிறித்தவமே என்று 1967-ல் அமெரிக்க வரலாற்றறிஞர் லின் ஒயிட் குற்றஞ்சாட்டினார். அக்கட்டுரையிலேயே, பறவை விலங்குகளை உடன்பிறப்பாகக் கருதிய அசிசி நகர்ப் பிரான்சிசை வழிகாட்டியாகவும் காட்டினார். 1979-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அப்புனிதரையே சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-ல் போப் பிரான்சிஸ், அப்புனிதரின் பாடலிலிருந்தே தலைப்பெடுத்து, 'லவ்தாத்தோ சீ' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஆதியாகமத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று அம்மடல் நினைவூட்டுகிறது. ஆளும் உரிமை என்று படிக்கப்பட்டது காக்கும் பொறுப்பு என்று படிக்கப்படலாயிற்று.

இப்பொறுப்பைச் சொல்லளவில் விடாது செயலாக்கியவர் தமிழகத்திலும் உண்டு. இயேசு சபைக் குருவான கே. எம். மாத்யூ, திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினட் உலர்தாவரக் காட்சியகத்தை நிறுவினார். மலையும் வயலும் அலைந்து செடிகளைத் திரட்டித் தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பல தொகுதிகளாகத் தொகுத்தார். 2004-ல் அவர் மறையும்வரை, ஒரு செடியின் பெயரைப் பிழையின்றி அறிவதும் படைத்தவனைப் போற்றும் முறையாகவே அவருக்கு இருந்தது எனலாம். பெயர் தெரியாத ஒன்றைக் காப்பது அரிது.

மெர்தாஜாம் குன்றிற்கும் இதுவே பொருந்தும். குன்றின் சரிவு இன்று வனப் பூங்காவாக உள்ளது. அதைக் காப்பது அரசின் சட்டம். சட்டம் எல்லை வகுக்கும்; அறிவு, காக்கவேண்டியது எதுவென்று காட்டும். ஆனால் யாரும் பாராத நேரத்தில் கிளையை ஒடியாமலும் ஓடையை மாசுபடுத்தாமலும் ஒருவனைத் தடுத்து நிறுத்துவது மனச்சான்று. அதனை வளர்க்கும் பணி சமயத்திற்கு உரியது. திருவிழா முடிந்து இலட்சம் பேர் மலையடிவாரத்தைவிட்டு அகன்றபின், அவ்விடம் எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டே அவர்கள் ஏந்திச் சென்ற மெழுகுவர்த்தியின் பொருளையும் அளக்கவேண்டும்.